பேற்றுவலியை வரவழைக்கும் மருந்துகள்

பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்று தாயைப் போற்றுவது தமிழர் வழக்கம். மேல்நாட்டாரோ ஒன்பது மாதம் என்பர். இவற்றுள் எது சரியென்று வினவினால் இரண்டும் சரியே எனலாம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்டு பத்து மாதத்தைக் கணக்கிட்டால் 280 நாள் வரும். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 280 நாளை எண்ணியே வைத்தியர்களும் பிள்ளை பிறக்கும் நாளைக் குறிக்கின்றனர். ஆனால், குறித்த அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர்தாம். ஏனையோர் சில நாள் முந்தியோ பிந்தியோ பிறக்கின்றனர்.

முந்திப் பிறந்தால் வீட்டாருக்கு வியப்பு, பிந்தினால் கவலை. குறித்த நாள் கடந்து ஒரு கிழமையும் ஆகிவிட்டது, வலியைக் காணோம். பழம் கனிந்தால் தானே விழும், பொறுத்திருங்கள் என்கிறாள் ஆச்சி. வைத்தியசாலையிலோ, வந்து தங்குங்கள், மருந்து கொடுத்து வலியை வரவழைப்போம் என்கின்றனர். தானாக வரவேண்டிய வலியை மருந்தால் அழைக்கலாமா, அழைத்த வலி பிள்ளைக்குத் தீங்கு செய்யாதா, ஈற்றில் சத்திரசிகிச்சையில் கொண்டுபோய் விடாதா என்று அப்பெண்ணின் மனம் தத்தளிக்கின்றது. இக்கேள்விகளை அறியாமையின் விளைவென்று ஒதுக்கிவிடுதல் தகாது. இம்மருந்துகளின் இருநூறு ஆண்டு வரலாற்றிலே இக்கேள்விகளுக்கு இடமிருந்தது. கருப்பையை இயக்கும் ஆற்றல் மருந்துகளுக்கு என்றுமே குறைவாய் இருந்ததில்லை. எவ்வளவு கொடுப்பது, கொடுத்த பின் எவ்வாறு காவலிருப்பது என்பவற்றையே வைத்தியர்கள் மெல்ல மெல்ல, சிலவேளை பெரும் விலை கொடுத்து, கற்க நேர்ந்தது.

முதலில், வலியை அழைக்க வேண்டிய தேவை யாது என்பதைக் கருதுவோம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறிக் கைகால் வீங்கி வலிப்பு நேரும் அபாயம் இருக்கலாம். நீரிழிவு இருக்கலாம். பன்னீர்க்குடம் உடைந்தும் வலி தொடங்காதிருக்கலாம். அந்நிலையில் காலம் செல்லச் செல்லக் கிருமி உட்புகும். சிசுவின் வளர்ச்சி குன்றியிருக்கலாம். இவ்வேளைகளில் பிள்ளை உள்ளே இருப்பதிலும் வெளியே வருவதே மேல். யாதொரு நோயுமின்றி நாள் மட்டும் கடந்துவிட்டவர்களின் நிலைதான் வாதத்துக்குரியது. 42 கிழமை கடந்தபின் நஞ்சுக்கொடி தளர்ந்து, சிசு கருப்பைக்குள்ளேயே இறக்கும் அபாயம் ஏறுகின்றது என்பது பழைய செய்தி. அதற்கு முன்பே அழைப்பது நன்றோ என்பதை அறியச் சுவீடன் நாட்டில் ஓர் ஆய்வு நடத்தினர். 41 கிழமை நிறைந்த 2,760 பெண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு உடனே வலியை வரவழைத்தனர். மறுபகுதியினர் 42 கிழமை வரை காத்திருந்தனர். காத்திருந்தோர் பகுதியில் ஆறு சிசுக்கள் இறந்தன. மற்றப் பகுதியில் ஒன்றேனும் இறக்கவில்லை. ஆய்வைத் தொடர்வது அறமன்று என்று கருதி இடையிலேயே நிறுத்தினர். 2019ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. ஆறு என்பது சிறிய எண்தான். ஆனால் காத்திருத்தல் எப்பொழுதும் ஆபத்தற்றது என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. நாட்கணக்கு ஐயமற நிச்சயமாயிருந்தால் 41 கிழமை நிறைந்தபின் வலியை வரவழைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இனி, மருந்து உள்ளே சென்று செய்யவேண்டிய வேலை யாது? அது இருவகைப்பட்டது. கருப்பை ஒரு தசைப்பை. அதன் வாயிலிலே கழுத்து என்னும் பகுதி உண்டு. ஒன்பது மாதமும் பிள்ளையை நழுவவிடாது தாங்கி நிற்பது அக்கழுத்தே. காலம் வரும்வரை அது மூக்கு நுனியைப்போல் உறுதியாயிருக்கும். காலம் வந்ததும் உதட்டைப்போல் மென்மையாகும். மருத்துவ மாணவருக்கும் மருத்துவமாதருக்கும் இவ்வுவமையைச் சொல்லியே விரலாற் சோதிக்கக் கற்பிப்பது வழக்கம். கழுத்து இளகவேண்டும், பை சுருங்கவேண்டும். இளகாத கழுத்தின்மேல் சுருங்கும் பையை ஏவினால், பூட்டிய கதவை இடிப்பது போலாகும். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் பிஷப் என்பார் கழுத்தின் விரிவு, குறுக்கம், மென்மை, அது நோக்கும் திசை, சிசுவின் தலை இறங்கிய அளவு என்னும் ஐந்துக்கும் புள்ளியிட்டுக் கூட்டும் ஒரு முறையை வகுத்தார். இன்றும் உலகெங்கும் அப்புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தே எம்மருந்தை முதலில் கொடுப்பது என்று முடிவு செய்கின்றனர்.

சிசுவின் பக்கமாக நின்றும் இதனை நோக்கவேண்டும். மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்போர் மூச்சை அடக்கி மூழ்குவர், சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்குவர், மீண்டும் மூழ்குவர். பேற்றுவலியின்போது சிசுவின் நிலை ஏறக்குறைய இதுவே. கருப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதன் சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு, நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைகின்றது. சிசு, மூழ்கியவனைப் போல், இருக்கும் ஒட்சிசனைக் கொண்டு பொறுத்துக்கொள்ளும். பை தளர்ந்ததும் இரத்தம் மீண்டும் பாயும். சிசு மேலெழுந்து மூச்சு வாங்கியது போலாகும். மேலெழ நேரம் கொடாது மீண்டும் மீண்டும் அமிழ்த்தினால் எத்தகைய குளிப்பவனும் தாங்கான். ஆகவே வலியின் வலிமையைக் காட்டிலும் இரு வலிகளுக்கு இடையிலுள்ள ஓய்வே சிசுவுக்கு உயிர். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேற்படலாகாது என்று இன்றைய வைத்தியசாலைகள் வரம்பு கட்டியிருப்பது இதன் பொருட்டே.

இவ்வரம்பை அறியாத காலத்துக்குச் செல்வோம். ஐரோப்பாவில் றை என்னும் ஒரு தானியம் விளைகின்றது. ஈரமான ஆண்டுகளில் அதன் கதிரிலே ஒருவகைப் பூஞ்சணம் பற்றி, மணியின் இடத்திலே கருநிறமான கொம்பு போன்ற ஒரு பொருள் வளரும். சேவற்காலின் முள்ளை ஒத்திருப்பதால் பிரெஞ்சு மொழியில் அதற்கு எர்கொட் என்று பெயர். இதனை அரைத்த மாவில் அப்பம் உண்ட ஊர்களில் கைகால் கருகி விழும் கொடிய நோய் பரவிற்று. எனினும் அந்நாட்டு மருத்துவிச்சிகள் அதற்கு வேறொரு பயனைக் கண்டிருந்தனர். ஜேர்மானிய வைத்தியர் லொனிற்சர் 1582ஆம் ஆண்டில் எழுதிய மூலிகை நூலில், கருப்பையின் வலியைத் தூண்ட அவர்கள் இதனைக் கொடுப்பதாகக் குறித்துள்ளார்.

அவ்வறிவு அமெரிக்காவுக்கும் சென்றது. நியூயோர்க் மாநிலத்திலே கிராமத்து வைத்தியராயிருந்த ஜோன் ஸ்ரேர்ன்ஸ் என்பார் 1808ஆம் ஆண்டில் இப்பொடியின் பெருமையை வைத்திய உலகுக்கு அறிவித்தார். நீண்டு செல்லும் பேற்றை அது விரைவுபடுத்துகின்றது, வைத்தியரின் நேரமும் பெரிதும் மிச்சமாகின்றது என்பது அவர் வாதம். யாருடைய நேரம் மிச்சமாயிற்று என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. பொடியின் புகழ் விரைந்து பரவியது. ஆனால் அதன் வலிமை ஒவ்வொரு சிட்டிகைக்கும் வேறுபட்டது. உட்சென்றபின் அதனைத் தடுக்க வழியில்லை. அது உண்டாக்கும் சுருக்கம் விட்டுவிட்டு வராது ஒரே இறுக்கமாய் நின்றது. மூழ்கியவன் மேலெழ இடமேயில்லை. நியூயோர்க் நகரில் இறந்து பிறக்கும் பிள்ளைகளின் தொகை ஏறுவதைக் கண்ட டேவிட் ஹொசாக் என்னும் வைத்தியர் 1822ஆம் ஆண்டளவில், பேற்றுப்பொடி என்று இலத்தீனிலே வழங்கிய பெயரைச் சிசுவைப் பொறுத்தவரை சாவுப்பொடி என்று மாற்றவேண்டும் என எழுதினார். பிள்ளை பிறந்தபின் பெருகும் இரத்தத்தை நிறுத்துவதற்கு மட்டும் அதனைக் கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. அக்கருத்தே நிலைபெற்றது. 1935ஆம் ஆண்டில் டட்லி, சாசர் மொயர் என்னும் இருவர் அப்பூஞ்சணத்திலிருந்து எர்கோமெற்றின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். தாய்மாரின் உதிரப்பெருக்கை நிறுத்தி அது காத்த உயிர்கள் பல. பிள்ளை வெளியே வந்தபின் ஓய்வில்லாத இறுக்கத்தால் கேடில்லை. இரத்தக் குழாய்களை நெரிப்பதே அப்போது வேண்டப்படுவது. பொருள் ஒன்றே, கொடுக்கும் வேளை மாறியது.

எர்கொட் விலக்கப்பட்டபின் வலியை அழைக்க எஞ்சியவை ஆமணக்கெண்ணெயும் கொயினாவும் வெந்நீர்க் குளிப்பும்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டுப் பெரிய வைத்தியசாலைகளிலும் இவற்றையே கொடுத்தனர். ஆமணக்கெண்ணெய் தமிழ்வீடுகளுக்குப் புதியதன்று. குடலைக் கழுவும்போது கருப்பையும் கிளர்ந்தெழும் என்பது பொதுநம்பிக்கை. 2012ஆம் ஆண்டில் ஜேர்மானிய ஆய்வாளர்கள் எலிகளில் ஆராய்ந்து, அவ்வெண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலெயிக் அமிலம் குடற்றசையையும் கருப்பைத் தசையையும் ஒரே வாயிலின் வழியாகத் தூண்டுகின்றது என்று காட்டினர். பாட்டிமார் சொன்னதில் உண்மை இருந்தது. ஆயினும் அளவை நிதானிக்க முடியாத மருந்து அது. வயிற்றோட்டத்தால் தாய் சோர்ந்துவிட்டால் வலி வரும் வேளையில் உடலில் வலு இராது. வைத்தியர் அறியாமல் வீட்டில் அதனைக் குடிக்கக் கொடுத்துவிட்டு வைத்தியசாலைக்கு அழைத்துவருவது நன்றன்று.

புதிய வழி எதிர்பாராத இடத்திலே திறந்தது. 1906ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி டேல் என்னும் இளம் ஆய்வாளர் எர்கொட்டின் இயல்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வாராய்ச்சியின் நடுவே, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் பின்பகுதிச் சாற்றைச் செலுத்தினால் பூனையின் கருப்பை சுருங்குவதைக் கண்டார். மூன்று ஆண்டுகளில் லிவர்பூல் வைத்தியர் பிளேயர் பெல் அதனை மாதரிடம் பயன்படுத்தினார். கொல்களத்தில் வெட்டப்பட்ட மாடுகளின் சுரப்பிகளிலிருந்து பிழிந்த சாறு ஊசிமருந்தாகக் கடைக்கு வந்தது. எர்கொட்டுக்கு நேர்ந்த கதையே இதற்கும் நேர்ந்தது. தசையில் ஒரே முறையில் ஊசியாகப் போட்ட மருந்தைத் திரும்பப் பெறுதல் இயலாது. சில பெண்களுக்கு வலி சற்றும் வரவில்லை. சிலருக்கோ புயலாய் வந்து கருப்பையே கிழிந்தது. அனுபவமிக்க வைத்தியர் பலர் பிள்ளை பிறக்குமுன் அவ்வூசியைத் தொடவே அஞ்சினர்.

இந்நிலையை மாற்றியது புதிய மருந்தன்று, பழைய மருந்தைக் கொடுக்கும் முறையே. இங்கிலாந்தில் பிராட்போர்ட் நகர வைத்தியர் ஜெப்ரி தியோபால்ட் என்பார் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். உடம்பு இச்சாற்றைத் தானாகச் சுரக்கும்போது எவ்வளவு சுரக்கின்றது? மிக மிகச் சிறிதளவே. அவ்வாறாயின் ஊசியில் ஏற்றுவது இயற்கையின் அளவைப் பன்மடங்கு மீறியதன்றோ? சாற்றைப் பெருமளவு நீர்மத்திலே கரைத்து, நாளத்தின் வழியே துளித்துளியாக இறங்கவிட்டு, துளியை எண்ணி அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். 1948ஆம் ஆண்டில் அவரும் உடனுழைத்தோரும் அம்முடிவை வெளியிட்டனர். இம்மருந்து இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். வலி மிகுந்தால் குழாயை அடைக்கவேண்டும். சற்றுப் பொழுதில் கருப்பை தளர்ந்துவிடும். கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழி முதன்முறையாகக் கிடைத்தது இவ்வாறே. இம்மருந்துகளின் வரலாற்றில் நோபெல் பரிசுகள் உண்டு. ஆனால் பரிசேதும் பெறாத அந்தத் துளிக்குழாய் காத்த பிள்ளைகளின் தொகை எவற்றுக்கும் குறைந்ததன்று.

நோபெல் பரிசின் கதையும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. சுரப்பிச் சாற்றில் இரண்டு பொருள்கள் கலந்திருந்தன; ஒன்று கருப்பையைச் சுருக்குவது, மற்றது இரத்த அழுத்தத்தை ஏற்றுவது. 1928ஆம் ஆண்டில் ஒலிவர் காம் என்பாரும் அவர் கூட்டத்தாரும் அவற்றைப் பிரித்தனர். கருப்பையைச் சுருக்கும் பொருளுக்கு, விரைந்த பிறப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஒட்சிற்றோசின் என்று பெயர் வழங்கிற்று. நியூயோர்க்கிலே வின்சன்ட் டு விக்னோ என்னும் இரசாயனவியலார் 1953ஆம் ஆண்டளவில் அதன் அமைப்பைக் கண்டு, சோதனைச்சாலையிலேயே அதனை ஆக்கினார். ஆய்வுகூடத்தில் மனிதன் ஆக்கிய முதற் புரத ஓமோன் அதுவே. 1955இல் அவருக்குப் பரிசு கிடைத்தது. மாட்டுச் சுரப்பியின் கலப்பு நீங்கியது. ஒவ்வொரு குப்பியிலும் ஒரே வலிமை என்ற உறுதி பிறந்தது. துளியை எண்ணுபவருக்கு இவ்வுறுதி இன்றியமையாதது.

எனினும் ஒட்சிற்றோசினுக்கு ஒரு குறை உண்டு. அது பையைச் சுருக்கும். கழுத்தை இளக்குவதில் வல்லதன்று. கனியாத கழுத்தையுடைய பெண்ணுக்கு நாள் முழுதும் துளிமருந்து ஏற்றியும் மாலையில் காலையிருந்த நிலையே காணப்படும். கழுத்தை இளக்கும் மருந்தின் கதை 1930ஆம் ஆண்டில், ஆணின் விந்திலுள்ள ஏதோ ஒரு பொருள் கருப்பைத் தசையை அசைக்கின்றது என்று நியூயோர்க்கில் இருவர் கண்டதோடு தொடங்குகின்றது. சுவீடனில் பொன் ஒய்லர் அதனை ஆராய்ந்து, ஆண்களின் புரொஸ்டேற் சுரப்பியில் ஊறுவதென்று எண்ணிப் புரொஸ்டகிளாண்டின் என்று பெயரிட்டார். எண்ணம் தவறு, பெயர் நிலைத்துவிட்டது. அது உடம்பின் பல பாகங்களிலும் ஊறுவது. நெடுங்காலம் ஆட்டின் சுரப்பிகளிலிருந்து மிகச் சொற்பமாகவே அது கிடைத்தது. 1969ஆம் ஆண்டில் கரிபியக் கடலின் ஒருவகைப் பவளத்தில் அதன் இனப்பொருள் நிறைந்திருப்பதைக் கண்டு வியந்தனர்.

இப்பொருளைப் பிள்ளைப்பேற்றுக்கு முதலில் பயன்படுத்தியவர்கள் ஐரோப்பாவின் பெருநகர் எதிலும் இருக்கவில்லை. கிழக்காபிரிக்காவில், உகண்டா நாட்டின் கம்பாலா நகரிலே, மக்கரேரே பல்கலைக்கழகத்தில் சுல்தான் கரீம் என்பார் பணியாற்றினார். பேற்றுவலி கண்ட பெண்களின் பன்னீரிலே புரொஸ்டகிளாண்டின் இருப்பதை முன்னரே கண்டறிந்த அவர், தம் துணைவரோடு 1968ஆம் ஆண்டில் அதனை நாளத்தில் ஏற்றி வலியை வரவழைத்த செய்தியை வெளியிட்டார். பின்னர், நாளத்தில் ஏற்றுவதை விட்டு, கழுத்தினருகே கூழாகவும் வில்லையாகவும் வைக்கும் முறை பரவிற்று. டினோபுரொஸ்டோன் என்னும் மருந்து அவ்வகையது. நல்ல மருந்து, ஆனால் விலை மிகுந்தது, குளிரூட்டியில் வைத்துக் காக்கவேண்டியது. மின்சாரம் நிலையில்லாத ஊர்களின் வைத்தியசாலைகளுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

அக்குறையை நீக்கிய மருந்து வயிற்றுப்புண்ணுக்காகப் பிறந்தது. மிசோபுரொஸ்டோல் என்னும் இம்மாத்திரை புரொஸ்டகிளாண்டினைப் போலச் செய்த ஒரு பொருள். நோவுமாத்திரைகளை நெடுங்காலம் உண்போரின் இரைப்பையைக் காப்பதற்காக 1980களில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது என்று அதன் உறையில் எச்சரிக்கை இருந்தது. கருப்பையைச் சுருக்கும் அதன் ஆற்றலை அவ்வெச்சரிக்கையே பறைசாற்றிற்று. விலையோ மலிவு; சாதாரண வெப்பத்தில் கெடாது; விழுங்கினாலும் வேலை செய்யும். பிரேசில், ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகளின் வைத்தியர்கள் முன்னின்று அதனைப் பேற்றுக்குப் பயன்படுத்தினர்.

எர்கொட்டின் காலத்திலும் சுரப்பிச் சாற்றின் காலத்திலும் கற்ற பாடத்தை இங்கே மூன்றாம் முறையாகக் கற்க வேண்டியதாயிற்று. வயிற்றுப்புண்ணுக்கான மாத்திரை 200 மைக்கிரோகிராம் கொண்டது. வலியை அழைக்க வேண்டியதோ 25 மைக்கிரோகிராம். மாத்திரையில் எட்டிலொரு பங்கு. அந்த அளவு தெளிவாகுமுன் ஐம்பதும் நூறும் அதற்கு மேலும் கொடுத்தனர். சிறிய மாத்திரையை அலகினால் எட்டாக வெட்டினால் துண்டுகள் சமமாக அமையுமா? ஒரு துண்டில் மருந்து குறையும், மற்றொன்றில் மிகும். முன்னர் சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு, பழைய தையல் வழியே கருப்பை கிழிந்ததால் இடையில் நிறுத்தப்பட்டு, 1998ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியாயிற்று. ஆகவே வயிற்றிலே தழும்புள்ள தாய்க்கு இம்மருந்தைக் கொடுத்தலாகாது என்ற விதி பிறந்தது.

அதன்பின் அளவைக் குறைப்பதிலேயே ஆய்வாளர் கருத்தைச் செலுத்தினர். மாத்திரையை அளந்த நீரிலே கரைத்து, வேண்டிய அளவு நீரைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வழி. ஒவ்வொரு முறையும் சம அளவு கிடைக்கும். பின்னர் 25 மைக்கிரோகிராம் கொண்ட சிறு மாத்திரைகளே செய்யப்பட்டன. இரண்டு மணிக்கு ஒருமுறை அவ்வளவை வாயாற் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இந்தியாவின் நாக்பூர் நகர அரச வைத்தியசாலைகளில், இரத்த அழுத்தம் மிகுந்த 602 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு இச்சிறு மாத்திரை. மறுபகுதியினருக்கு, மருந்தேதுமின்றி, நுனியில் நீர்நிரப்பிய குமிழுடைய இறப்பர்க் குழாயைக் கழுத்துக்குள் செலுத்தி அதனை விரிக்கும் பழைய முறை. இருபத்துநான்கு மணி நேரத்துள் இயல்பாகப் பிள்ளை பெற்றோர், மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 57 பேர். குழாய் வைத்தவருள் 47 பேர். பெரும் அளவில் அஞ்சத்தக்கதாயிருந்த மருந்து, சிற்றளவிலே ஏழை வைத்தியசாலையின் துணையாயிற்று. குழாயும் கழிக்கத்தக்கதன்று, தழும்புள்ள கருப்பையாகிய இடத்திலே மருந்தைவிட அதுவே பாதுகாப்பானது.

மருந்தால் வலியை அழைத்தால் சத்திரசிகிச்சையில் முடியும் என்ற அச்சத்துக்கும் விடை சொல்லவேண்டும். 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதற்பிள்ளை பெறவிருந்த ஆரோக்கியமான 6,106 பெண்கள் பங்குகொண்டனர். 39ஆம் கிழமையில் வலியை வரவழைத்தவருள் நூற்றுக்கு 18.6 பேருக்கும், இயற்கைக்கு விட்டுக் காத்திருந்தவருள் 22.2 பேருக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. அச்சம் பொதுவாகப் பொருந்தாது என்பதற்கு இது சான்று. ஆயினும் இதனைக் கொண்டு, எல்லாப் பெண்களுக்கும் நாள் குறித்துப் பிள்ளை பெறுவிக்கலாம் என்று முடிவு கட்டுவாரும் உளர். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் சிசுவின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியும் காவலிருக்கத் தாதியும் உள்ள இடத்து முடிபை, நாற்பது பேருக்கு இரு தாதியர் உள்ள இடத்துக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. நோயில்லாத தாய்க்கு 41 கிழமைக்கு முன் அழைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவ்வேறுபாட்டை அறிந்தே எனலாம். தேவையும் காவலும் ஒருங்கே இருக்கும் இடத்தில் அச்சம் வேண்டுவதில்லை. வைத்தியரின் வசதிக்காகவோ நல்ல நட்சத்திரத்துக்காகவோ அழைப்பது வேறு.

தென்னாசிய நாடுகள் பலவற்றின் கிராமங்களிலே இன்றும் நடைபெறும் ஒரு கொடுமையும் இங்கே குறிக்கத்தக்கது. வீட்டில் பிள்ளைப்பேறு தாமதித்தால், பயிற்சியற்ற ஒருவரை அழைத்து ஒட்சிற்றோசினைத் தசையில் ஊசியாகப் போடுவிக்கின்றனர். வலி விரைவதைக் கண்டு வீட்டார் மகிழ்கின்றனர். 1948ஆம் ஆண்டுக்கு முந்திய ஆபத்து அத்தனையும் அவ்வூசியில் அடங்கியிருப்பதை அவர்கள் அறியார். பிள்ளை பிறந்த உடனே, உதிரப்பெருக்கைத் தடுக்க, இதே ஊசியை இதே தசையில் போடுவது உயிர்காக்கும் முறை என்பதால் மயக்கம் இன்னும் மிகுகின்றது. பிறக்குமுன் அது துளித்துளியாக மட்டும், வைத்தியசாலையில் மட்டும், ஏற்றத்தக்கது.

வலியை வரவழைக்க வார்டுக்குச் செல்லும் தாய் சில செய்திகளைத் தானே முன்வந்து சொல்லுதல் வேண்டும். முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்ததுண்டா, எத்தனை பிள்ளை பெற்றவள், கடைசி மாதவிடாய் நாள் நிச்சயமானதா, வீட்டில் எண்ணெயோ கசாயமோ வேறு மருந்தோ குடித்தாளா என்பவை அவை. பல பிள்ளை பெற்றவளின் கருப்பை சிறிய அளவுக்கே சீறி எழும். அதனால் எண்ணிக்கையை மறைத்தல் கூடாது. ஏன் அழைக்கின்றீர்கள், எம்மருந்து, எத்தனை மணிக்கொருமுறை என்று அவள் கேட்பது வைத்தியரைச் சந்தேகிப்பதாகாது. மருந்து கொடுத்தபின் வலி விட்டுவிட்டு வராது ஒரே இறுக்கமாய் நின்றாலோ, உதிரம் கண்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, அடுத்த சுற்றுப் பார்வை வரை காத்திராது தாதியை உடனே அழைக்கவேண்டும்.

சிலருக்கு மருந்து முதல் நாளில் பலிப்பதில்லை. கழுத்து இளக ஒரு நாளோ, அதற்கு மேலோ செல்லும். சிறிது ஓய்வு கொடுத்து மறுநாள் மீண்டும் தொடங்குவது வழக்கமே. அடுத்த கட்டிலில் இருந்தவள் பெற்றுக்கொண்டு போய்விட்டாள், தன் உடம்பில் ஏதோ குறையென்று அத்தாய் கலங்குவாள். அவளுடைய தாயோ மாமியோ பார்வை நேரத்தில் வந்து சொல்லத்தக்க நற்செய்தி ஒன்று உண்டு: முதற்பிள்ளைக்குக் கழுத்து இளக நாட்செல்வது இயல்பு; இரண்டாம் பிள்ளைக்கு அது பெரும்பாலும் எளிதில் இளகிக்கொடுக்கும்.